சுண்ணாம்பில் அலசிய குடல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆபீஸிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "கொஞ்சம் மோட்டிவேஷனா இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றார். எனக்கு அது வராது. கோபம் வரும், கிண்டல் வரும், சாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அழுகை வரும். ஒரு கிழவி மேடையில் நின்று மூக்கைச் சிந்த, நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, எதற்கு அந்தக் கண்ணறாவி? எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டியவர்கள் படியுங்கள். வேண்டாதவர்கள் டீ குடிக்கப் போங்கள்.

நீங்கள் வேலை பார்ப்பது ஏசி போட்ட கட்டடம். நாங்கள் ஆரம்பித்தது காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில். முன்னறையில் தராசும் கலக்கும் மெஷினும். சமையல்கட்டில் ஒரு ஃபிரிட்ஜ், பக்கத்தில் ஒட்டிய டேப்பை இழுத்து எவ்வளவு பலம் தாங்குகிறது என்று பார்க்கும் கருவி. இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி. அந்த அதிர்வுக்கு எங்கள் கருவியின் முள் ஒரு இடத்தில் நிற்காது. அதனால் முக்கியமான சோதனைகளை எல்லாம் மதியம் தறிக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் வைத்துக்கொள்வோம். தறிச் சத்தம் நின்றதும் மூன்று பேரும் சமையல்கட்டுக்கு ஓடுவோம். எங்கள் சாப்பாடு எப்போதும் ஆறித்தான் போயிருக்கும்.

மூன்று பேர் என்றேன். ஒருத்தி நான். எங்கள் வீடும் தறி வீடுதான், ஆனால் நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் செருப்புக்குப் பசை செய்துகொண்டிருந்தேன். இன்னொருத்தி செல்வி, மாகறலிலிருந்து பஸ்ஸில் வருவாள், லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். மூன்றாவது ஆள் சார். பெயரைச் சொல்ல மாட்டேன். லேப் சுவரில் தன் பெயரை எழுதுவதே பிடிக்காத மனுஷன், காகிதத்தில் மட்டும் பிடிக்குமா என்ன. திருப்புட்குழிக்காரர். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் வாழ்நாள் முழுக்க வயிற்று ஆபரேஷன் செய்தவர். என்னை வேலைக்குக் கூப்பிட்டபோது, "செருப்பையே ஒட்டறியேம்மா, குடலை ஒட்ட மாட்டியா?" என்று கேட்டார். நேர்காணல் அவ்வளவுதான்.

குடலை ஏன் ஒட்ட வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் சொன்ன மாதிரி சொல்கிறேன். கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. சில நாள் கழித்து அதில் ஒன்று கசிந்தாலும், உள்ளே இருப்பது வயிற்றுக்குள் பரவி ஆளையே தூக்கிவிடும். "தெச்சுட்டு வந்துட்டா எனக்கு நாலஞ்சு நாளைக்கு சோறு எறங்காதும்மா. தெனம் காத்தால வார்டுக்குப் போயி, காத்து பிரிஞ்சுதா, காத்து பிரிஞ்சுதான்னு கேட்டுக்கினு நிப்பேன். பிரிஞ்சுதுன்னு சொன்னாங்கன்னா அன்னிக்குத்தான் எனக்குத் தீபாவளி" என்பார்.

தையலுக்கு மேலே சுற்றி ஒட்டி, கசியவே விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு டேப் வேண்டும் என்பது அவர் ஆசை. உடம்புக்குள் எல்லாம் ஈரம். ஈரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது, ஏனென்றால் பசைக்கும் சதைக்கும் நடுவே தண்ணீர் நிற்கிறது. செருப்புப் பசை செய்தவளுக்கு இது நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் எங்கள் கம்பெனியே படுத்துவிடும். சிலந்திக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. பனியில் நனைந்த பூச்சி வந்து விழுந்தாலும் பிடித்துக்கொள்கிறது. அதன் வலையில் இருக்கும் பசைத் துளிகளில் ஒருவித உப்புச் சத்து இருக்கிறது. அது முதலில் பூச்சி மேல் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடுகிறது, அதற்குப் பிறகு பசை வேலை செய்கிறது. முதலில் குடி, பிறகு பிடி. எங்கள் டேப்பும் அதைத்தான் செய்ய வேண்டும்.

இதற்காகப் பின்கட்டில் முருங்கை மரத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சிலந்தி வலையை யாரும் கலைக்கக் கூடாது என்று சார் உத்தரவு போட்டிருந்தார். வீட்டுக்காரர் பட்டு வியாபாரி, சுத்தம் பார்ப்பவர். நல்ல நாள் பெரிய நாளில் ஒட்டடைக் குச்சியோடு வந்து நிற்பார். "டாக்டரு வீடுன்னு குடுத்தா, ஒட்டடைக்கு காவல் காக்கறீங்களேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டு போவார்.

சாரின் கை நடுங்கும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் நாங்களும் அதை முதலில் பேசியதில்லை. ஓய்வுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே அவர் ஆஸ்பத்திரியை விட்டது அதனால்தான். "யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே கத்தியைக் கீழ வெச்சுட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். எங்கள் லேபில் அவர் கைகள் எப்போதும் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். காபி வந்தால் நாங்கள் திரும்பிக்கொண்ட பிறகுதான் டம்ளரை எடுப்பார். செல்வி பாதி டம்ளர்தான் ஊற்றுவாள், சிந்தாமல் இருக்கட்டும் என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ தேடுவேன். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒழுங்காக நடித்தோம்.

ஒரு மதியம், செல்வி வெளியே போயிருந்தபோது, என்னிடம் மனசு விட்டுப் பேசினார். "ஒரே ஒரு வாட்டி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போகணும்மா கௌரி. வேடிக்கை பாக்க இல்ல. கைய வெக்கணும். ராத்திரில கனவு வருது, வயத்தைத் தொறந்து வெச்சுக்கினு நிக்கறேன், கை பாறை மாதிரி நிக்குது. முழிச்சுப் பாத்தா போர்வைய புடிச்சுக்கினு ஆடிக்கினு இருக்குது." "போலாம் சார்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

வழி ஒன்று வந்தது. வெளியூரில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்கள் டேப்பை உயிருள்ள ஒரு வெள்ளாட்டில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். அனுமதி எல்லாம் முறையாக வாங்கியாயிற்று. அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் வெட்டித் தைப்பார், மேலே டேப் ஒட்டுவதை மட்டும் சார் செய்யலாம் என்று பேச்சு. தைக்கத்தான் அசையாத கை வேண்டும். டேப் வைக்க அவ்வளவு தேவையில்லை. அன்றிலிருந்து சார் வீட்டில் ஈர வாழைப்பட்டையை வைத்து ஒட்டிப் பழகுகிறார் என்று அவர் மனைவி எனக்கு போனில் சொன்னார். "கல்யாணத்துக்குத் தேதி குறிச்ச பையனாட்டம் இருக்காரும்மா" என்று சிரித்தார்.

இனி நம் குடல் கதைக்கு வருகிறேன்.

சோதனைக்கு ஆட்டுக் குடல் வேண்டும். உங்களுக்கு ஐஸ் பெட்டியில் வருகிறது. எங்களுக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாய் கடையிலிருந்து வந்தது. வீடு கொடுக்கும்போது வீட்டுக்காரர் போட்ட ஒரே நிபந்தனை, "வீட்டுல கறி கிறி சமைக்கக் கூடாதும்மா." "சமைக்க மாட்டோம்" என்று நாங்களும் சத்தியம் செய்தோம். பொய் இல்லை, யாரும் சமைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் சைவச் சாப்பாடுதான். முதல் வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடலைக் கருவியில் மாட்டுவேன். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். டேப்பும் அப்போதெல்லாம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு கிருத்திகை அன்று வீட்டுக்காரர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "இன்னாம்மா, ஏதோ வாடை வருது?"

"பசை வாடை அண்ணா" என்றாள் செல்வி.

"பசை இப்டி நாறுமா? இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிக்குங்க, சொல்லிட்டேன்" என்று போய்விட்டார்.

அடுத்த முறை செல்வி பாய் கடையில் சொல்லிவிட்டாள், வாடையே வரக்கூடாது, நன்றாகச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று. வந்தது பாருங்கள் குடல், வெள்ளை வெளேரென்று! நாற்றமும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. எனக்கு நிம்மதி. வீட்டுக்காரருக்கு நிம்மதி. அதே சமயம் நான் டேப்பில் ஒரு கலவையை மாற்றியிருந்தேன். அதை ஒட்டிப் பார்த்தோம். கருவியின் முள் மேலே மேலே ஏறியது. குடல் கிழிந்தது, டேப் விடவில்லை. செல்வி கைதட்டினாள். சார் பாக்கெட்டில் கையை வைத்தபடியே குதிக்காத குறை. என் கலவையால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வெட்கம் இல்லாமல் இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தேன். கெட்ட முடிவு வந்தால் ஆயிரம் கேள்வி கேட்போம். நல்ல முடிவு வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அந்த முடிவைக் காட்டித்தான் கல்லூரியில் அனுமதி வாங்கினோம். மாதங்கள் ஓடி, ஆட்டில் வைத்துப் பார்க்கக் குறித்த தேதி நெருங்கியது. அப்போது பார்த்து பாய், மகள் பிரசவத்துக்காக ஆற்காடு போய்விட்டார். செல்வி வேறு கடையில் குடல் வாங்கி வந்தாள். அந்தக் கடைக்காரர் அறுத்தது அறுத்தபடி பையில் போட்டுக் கொடுத்திருந்தார். கல்லூரிக்குக் கொண்டுபோவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று டேப்பை ஒட்டினேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னொன்று ஒட்டினேன். அதுவும் வந்துவிட்டது. மழைக்காலம், டேப் ஈரத்தை இழுத்திருக்கும் என்று புதிதாக ஒரு டேப் பிரித்தேன். அதுவும் வாழை இலையில் ஒட்டிய மாதிரி கழன்று விழுந்தது.

"அது ஒண்ணும் இல்லக்கா, இந்தக் குடலு சுத்தம் பண்ணலை. பாய் வந்துடட்டும், அவர் குடுக்கறதுல போட்டுப் பாத்துக்கலாம். அதுல ஒட்டும்" என்றாள் செல்வி.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தேன். கல்லூரியில் இருக்கும் ஆட்டை யார் சுத்தம் செய்து கொடுக்கப் போகிறார்கள்?

பாய் ஊருக்குத் திரும்பிய அன்றே கடைக்குப் போனேன். கறிக்கடை வாசலில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். பாய்க்கு என்னைத் தெரிந்திருந்தது, தெருவில் செல்வியோடு பார்த்திருக்கிறார்.

"வாங்கம்மா வாங்க. வீட்ல ஒடம்புக்குத் தேவலையா?"

"யாருக்கு பாய்?"

"யாருக்குன்னு நான் கேக்கலம்மா. உங்க வீட்ல சைவம்னு எனக்குத் தெரியும். யாரோ முடியாதவங்களுக்கு வெளியே தெரியாம வாங்கறீங்கன்னு நெனச்சுக்கினேன். அதான் வாடையே இல்லாம பண்ணிக் குடுத்தேன், அக்கம்பக்கத்துல பேச்சு வரக்கூடாது பாருங்க."

"எப்படிப் பண்ணினீங்க?"

அவர் பெருமையாகச் சொன்னார். "மொதல்ல திருப்பிப் போட்டு அலசணும். அப்பால சுண்ணாம்பு தடவி வெச்சுடுவேன். வெந்நீர்ல போட்டு எடுத்து, உள்ளே வெளியே ரெண்டு பக்கமும் கத்தி முதுகால வழிச்சுடுவேன். அந்த வழவழப்பு போனாத்தானேம்மா வாய்ல வெக்க முடியும்? மத்தவங்களுக்கு இவ்ளோ பண்ண மாட்டேன், உங்களுக்குன்னு பண்ணேன்."

அந்த வழவழப்புதான் எங்கள் எதிரி. அதைக் குடித்துத் தீர்ப்பதற்குத்தான் டேப்பே. இவர் சுண்ணாம்பு போட்டு அதை அன்போடு வழித்து எடுத்து, எங்களுக்கு வேலையே இல்லாமல் செய்திருந்தார். அப்படிப்பட்ட குடலில் என் பழைய செருப்புப் பசைகூடப் பிரமாதமாக ஒட்டியிருக்கும். என் முகம் மாறியதைப் பார்த்துப் பாய் பதறிவிட்டார். "இன்னாம்மா, நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?"

"நீங்க பண்ணல பாய். நாங்கதான் கேக்கல" என்றேன்.

தெருமுனையில் செல்வி காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கல்லூரித் தேதியைத் தள்ளிப்போட வேண்டும் என்பது அவளுக்கும் புரிந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, டாக்டர் கிட்ட இப்பச் சொல்லாதீங்கக்கா."

"சொல்லாம?"

"டேப்பு ஒட்டுதோ இல்லையோ, அவர் ஒரு வாட்டி உள்ள போயிட்டு வந்துடட்டும்கா. இதுக்கு மேல தள்ளிப்போச்சுன்னா அந்தக் கை எப்டி இருக்குமோ. ஆட்டுல ஒட்டலன்னா அப்பால வந்து சரி பண்ணிக்கலாம். அவரு எவ்ளோ ஆசையா இருக்காரு, பாக்கறீங்கல்ல?"

பார்க்காமலா? பிள்ளைகளே, அவள் சொன்னது எனக்குத் தேனாக இனித்தது. வீடு போய்ச் சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். ஆட்டைப் பற்றி நான் அப்போது நினைக்கக்கூட இல்லை, அதுதான் உண்மை. எனக்கு அவர் மட்டும்தான் கண்ணில் நின்றார். அந்தத் தியேட்டரில் டேப்பை வைக்கிறார், எல்லோரும் பார்க்கிறார்கள், டேப் வழுக்குகிறது. மறுபடி வைக்கிறார், மறுபடி வழுக்குகிறது. அந்த இடத்தில் அவர் டேப்பைச் சந்தேகப்படுவாரா? தன் கையைத்தான் பார்ப்பார். நாங்கள் ஆயிரம் விளக்கம் சொன்னாலும் சாகிற வரைக்கும் தன் கைதான் கெடுத்தது என்று நினைப்பார். அது தெரிந்ததும் மறுநாள் காலை நேராக அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முழுதும் கேட்டார். பாய் நினைத்துக்கொண்டதைச் சொன்னபோது மட்டும் சத்தமாகச் சிரித்தார். பிறகு, "அந்த இன்னொரு கடைக் குடலு இருக்குதா?" என்றார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தேன்.

சார் பாக்கெட்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். அதுவரை எங்கள் எதிரில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. கிளவுஸ் போட முடியவில்லை. செல்வி வந்து ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிவிட்டாள். நடுங்கும் கைகளால் குடலை எடுத்தார். விரல்களுக்கு நடுவே விட்டு உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதும்மா. இதுதான் குடலு. இத்தினி மாசமா நாம வேற எதையோ ஒட்டிக்கினு இருந்தோம்."

அவரே தொடர்ந்து பேசினார். "மொத நாளே நான் தொட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பேன், இது வெந்த குடலுன்னு. ஆயிரக்கணக்குல தொட்டவன்மா நான். நீங்க ரெண்டு பேரும் என் கையப் பாத்துடக் கூடாதுன்னு பாக்கெட்டுல போட்டு வெச்சுக்கினு வேடிக்கை பாத்தேன் பாரு."

பிறகு கல்லூரிக்கு அவரே போன் செய்தார். டேப் தயாராக இல்லை, தேதி வேண்டாம் என்றார். குரல் ஆடவில்லை. போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முருங்கை மரத்தடியில் வெகுநேரம் நின்றார். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சோதனைக்கு முன் குடலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டேப்பை எடுக்க வேண்டும் என்று உங்கள் லேபில் ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா, அது அன்று வந்தது. இது என்ன சடங்கு என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். சடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், செய்யாமல் மட்டும் விடாதீர்கள். கூடவே இன்னொன்று. உங்களில் யாருக்காவது கண் மங்கலாம், காது கேட்காமல் போகலாம், ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரலாம். மறைக்காதீர்கள். அடுத்தவர் மறைத்தால் மரியாதை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் மரியாதைக்கு நாங்கள் கொடுத்த விலை சாரின் ஒரு நல்ல வருஷம்.

அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. பாய் அறுத்தது அறுத்தபடி கொடுத்தார், "இன்னாம்மா, இப்டியே எடுத்துக்கினு போறீங்களே" என்று மனசில்லாமல்தான் கொடுத்தார். வாடைக்கு என்ன செய்வது? வீட்டுக்காரரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, சார் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரரின் தங்கை அந்த மாதிரிக் கசிவில்தான் போனாராம். எங்களுக்குத் தெரியாது. "சாமி ரூமுப் பக்கம் மட்டும் அதக் கொண்டுபோக வேணாம்" என்று எழுந்து போனார். மதியம் தறிச் சத்தம் நின்றதும் சமையல்கட்டு மேடையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். சார் கை வெளிப்படையாக நடுங்கும், குடலை உருட்டி, "இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி, ஒட்டாது பாரு" என்பார். ஒட்டாது. "இன்னும் குடிக்கணும்மா, உன் டேப்புக்குத் தாகம் பத்தல" என்பார். நான் முணுமுணுத்துக்கொண்டே கலவையை மாற்றுவேன். செல்வி டம்ளர் நிறையக் காபி கொண்டுவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டே குடிக்கவைப்பாள், சிந்தினால் மூன்று பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு எனக்கு மறுபடி வேண்டும். வேலை, பெயர், வெளிநாட்டில் பேசிய பேச்சு, இதெல்லாம் இருந்தது. அதில் ஒன்றுக்கும் நான் ஏங்கவில்லை. தறி நின்றுபோன அந்த மதியத்துக்குத்தான் ஏங்குகிறேன்.

டேப் சரியாக வர நாளாயிற்று. அதற்குள் சார் சட்டைப் பொத்தானை அவர் மனைவி போட்டுவிட வேண்டியதாகிவிட்டது. கையெழுத்து போய்விட்டது. ஒரு மதியம் வழவழப்போடு இருந்த குடலில், ரத்தத்தோடு இருந்த குடலில், டேப் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மறுநாளும் பிடித்தது, அதற்கடுத்த வாரமும் பிடித்தது. கல்லூரியில் மறுபடி தேதி கொடுத்தார்கள். நான் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"நான் ஒட்டலம்மா. அந்தப் பொண்ணே ஒட்டட்டும். நான் ஓரமா நின்னுக்கறேன்."

செல்வி பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் "சரி சார்" என்றேன். வேறு என்ன சொன்னாலும் அவரை இழுத்துப் பிடித்த மாதிரி ஆகியிருக்கும்.

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். அந்த ஆடு பிழைத்தது. கல்லூரிப் பண்ணையில் வெகுநாள் மேய்ந்தது, குட்டியும் போட்டது. சார் அதற்கு அடுத்த வருஷம் போய்விட்டார். மனுஷருக்கு இந்த டேப் வருவதை அவர் பார்க்கவில்லை, நானும் இன்னும் பார்க்கவில்லை, அது உங்கள் கையில் இருக்கிறது. இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் மூன்று பேருக்கும் பச்சை அங்கியும் தொப்பியும் கொடுத்தார்கள். ஓரமாக நிற்கப் போகிறவர்தான், ஆனாலும் சார் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டார். ஒரு நர்ஸ் அவருக்கும் கிளவுஸ் மாட்டிவிட்டார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஆடு மயக்கத்தில் படுத்திருந்தது. அந்த இளம் டாக்டர் சுறுசுறுப்பானவர், கை வேகமானவர். குடலை வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து, டேப்பைப் பிரித்துச் சுற்றி வைத்தார். வைத்தால் மட்டும் போதாது, அது தண்ணீரைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் கொஞ்ச நேரம் ஒரு விரலால் அழுத்தியபடி இருக்க வேண்டும். டாக்டரின் இரண்டு கைகளும் குடலைத் தூக்கிப் பிடித்திருந்தன. உதவியாளர் ரத்தம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது இங்க ஒரு விரல் வைங்களேன்" என்றார் அந்தப் பெண், நிமிராமல்.

உதவியாளர் கையை எடுப்பதற்குள் சார் முன்னால் போய்விட்டார். செல்வி என் முழங்கையைப் பிடித்து இறுக்கினாள். அவர் கை காற்றில் ஆடிக்கொண்டே போனது. அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் குடலை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார். சார் விரலை டேப்பின் மேல் வைத்து அழுத்தினார். விரல் நடுங்கியது, விரலோடு சேர்ந்து குடலும் நடுங்கியது. டேப் இம்மியும் வழுக்கவில்லை.

"போதும் சார். புடிச்சுக்கிச்சு" என்றார் அந்தப் பெண், கொஞ்சம் கழித்து.

சார் விரலை எடுக்கவில்லை.

"சார்?"

"இரும்மா. ஒரே நிமிஷம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, குடலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். உதவியாளரும் துடைப்பதை நிறுத்திவிட்டார். அப்போது அந்தக் குடல், உயிருள்ள குடல் செய்கிற மாதிரி, தானாக ஒருமுறை சுருங்கி விரிந்தது. கடையிலிருந்து வந்த எந்தக் குடலும் எங்கள் மேடையில் அப்படிச் செய்ததில்லை. சார் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"கௌரி, நகருதும்மா" என்றார்.